வெயில் தேடிப் போனால் வாழ்வு வந்துவிடுமா?

மேல்நாடுகளில், அதிலும் சிறப்பாக இங்கிலாந்தில், வெகு காலமாக ஒரு நம்பிக்கை இருந்து வருகிறது. அதாவது, மழையும் குளிரும் மூடுபனியும் நிறைந்த தங்கள் நாட்டை விட்டுவிட்டு, வருஷம் முழுவதும் வெயில் அடிக்கும் ஒரு நாட்டுக்குக் குடிபோய்விட்டால் உடம்பில் உள்ள நோய் தீரும், மனத்தில் உள்ள கவலை ஒழியும், வாழ்க்கையே புதிதாகிவிடும் என்பதாகும். பிரிட்டனில் சராசரியாக வருஷத்துக்குச் சுமார் 1,400 மணி நேரமே வெயில் அடிக்கிறது. ஸ்பெயின் தேசத்துக் கடற்கரையில் உள்ள மலாகா, அலிகாந்தே முதலிய ஊர்களில் ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்கு அடிக்கிறது. மலாகாவை ஒட்டிய கரைக்குக் 'கோஸ்டா டெல் சோல்', அதாவது 'வெயில் கரை' என்றே பெயர். அந்தப் பெயரைச் சொல்லியே அங்கே வீடும் மனையும் விற்கிறார்கள்.

இதைக் கேட்டால் நம் வேலூர்க்காரருக்குச் சிரிப்பு வரும். வெயில்தான் சுகம் தரும் என்றால், சித்திரை மாதத்து மத்தியானத்தில் வேலூரில் நடமாடுகிறவர்கள் எல்லாம் இந்நேரம் தேவர்களாகியிருக்க வேண்டும் அல்லவா? ஆனால் சிரித்துவிட்டுப் போவதற்காக நாம் இதை எழுதவில்லை. "இன்ன ஊர் மண்ணை மிதித்தால் பாவம் போகும், இன்ன குளத்தில் முழுகினால் குஷ்டம் போகும்" என்று நம் நாட்டில் சொல்லப்படும் ஸ்தல மகிமைக்கும், இன்ன நாட்டு வெயிலில் உட்கார்ந்தால் வாழ்வு வரும் என்ற மேல்நாட்டு மகிமைக்கும் அடிப்படையில் வித்தியாசம் ஒன்றுமில்லை. இரண்டிலும் மனிதன் செய்ய வேண்டிய காரியத்தை இடம் செய்துவிடும் என்று நம்பச் சொல்கிறார்கள். இரண்டிலும் தரகன் உண்டு. இரண்டிலும் கடைசியில் ஏமாறுகிறவன், உள்ளதையெல்லாம் விற்றுக்கொண்டு புறப்பட்ட ஏழையும் நடுத்தரக்காரனுமே ஆவான்.

ஒரு காரியத்துக்கு இதுதான் காரணம் என்று யாராவது சொன்னால், பகுத்தறிவுள்ளவன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். அந்தக் காரணம் இருந்தும் காரியம் இல்லாத இடம் உண்டா? அந்தக் காரணம் இல்லாமலே காரியம் நடக்கும் இடம் உண்டா? காரணம் அப்படியே இருக்க, காரியம் மாத்திரம் மாறிப்போனதுண்டா? வெயிலுக்கும் வாழ்வுக்கும் உள்ள சம்பந்தத்தை இந்த மூன்று கேள்விகளையும் வைத்துக்கொண்டே விசாரிப்போம்.

வைத்தியர்கள் காட்டிய வெயில்

இந்த நம்பிக்கையை முதலில் பரப்பியவர்கள் வீட்டுத் தரகர்கள் அல்லர், வைத்தியர்களேயாவர். க்ஷயரோகத்துக்கு மருந்து இல்லாத காலத்தில், அந்த வியாதி கண்ட பணக்காரர்களைத் தெற்கே போய் வெயிலில் இருக்கும்படி இங்கிலாந்து வைத்தியர்கள் அனுப்பி வைத்தார்கள். கவி கீட்ஸ் அப்படித்தான் 1820ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் ரோமாபுரி போய்ச் சேர்ந்தார். 1821 பிப்ரவரி 23ஆம் தேதி, தம்முடைய 25ஆவது வயதில், அங்கேயே இறந்துபோனார். நூறு வருஷம் கழித்து, 1920இல், எழுத்தாளர் காதரின் மான்ஸ்ஃபீல்ட் அம்மையாரும் பிரான்சு தேசத்துத் தென்கரையில் உள்ள மாந்தோன் என்னும் ஊருக்கு அதே வியாதியோடு அதே வெயிலைத் தேடிப் போனார். 1923இல் அவரும் மாண்டார். இடையில் எத்தனை ஆயிரம் பேர் அந்தக் கரையில் புதைக்கப்பட்டார்கள் என்பதை அங்குள்ள கல்லறைத் தோட்டங்களைப் பார்த்தால் தெரியும்.

க்ஷயரோகத்தை உண்டாக்குவது குளிரோ பனியோ அல்ல, ஒரு கிருமி என்று ராபர்ட் கோக் என்னும் ஜெர்மன் வைத்தியர் 1882இல் காட்டினார். அந்தக் கிருமியைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து 1943இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குப் பிறகு எந்த வைத்தியராவது க்ஷயரோகிக்கு மத்தியதரைக் கடலோரத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிறாரா? இல்லை. மாத்திரைக்குத்தான் சீட்டு எழுதுகிறார். மருந்து வந்தவுடன் ஸ்தல மகிமை போய்விட்டது.

இப்படிச் சொல்லுவதால் வெயிலால் உடம்புக்கு நன்மையே இல்லை என்று நாம் சொல்லுவதாக யாரும் கருத வேண்டாம். வெயில் படாத புகைமண்டிய தொழிற்சாலை நகரங்களில் வளர்ந்த குழந்தைகளுக்கு எலும்பு வளைந்தது உண்மை. நீண்ட இருட்டுக் குளிர்காலத்தில் சிலருக்கு மனச்சோர்வு ஒரு வியாதியாகவே வருகிறது என்பதை 1984இல் நார்மன் ரோசன்தால் என்னும் வைத்தியரும் அவருடைய கூட்டாளிகளும் விவரித்து எழுதினார்கள். பிரகாசமான விளக்கொளியில் தினமும் சிறிது நேரம் உட்கார வைத்தால் அவர்களில் பலருக்குக் குணம் தெரிகிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதலாவதற்கு டி வைட்டமினும், இரண்டாவதற்கு விளக்கும் இருக்கிற ஊரிலேயே கிடைக்கின்றன. அதற்காக வீட்டை விற்றுக் கப்பலேற வேண்டிய அவசியமில்லை.

பத்து பவுனுக்கு ஒரு கண்டம்

நிற்க, வெயிலை வைத்தியர்களிடமிருந்து சர்க்கார்கள் வாங்கிக்கொண்ட கதையைப் பார்ப்போம். இரண்டாவது உலக யுத்தம் முடிந்தவுடன், ஆஸ்திரேலியாவில் ஆள் போதவில்லை என்று அந்தச் சர்க்கார் குடியேற்றத்துக்கென ஒரு மந்திரியையே நியமித்து, இங்கிலாந்து ஜனங்களை அழைத்தது. பெரியவர்களுக்குப் பத்து பவுன் கட்டணம், பிள்ளைகளுக்கு இனாம். விளம்பரங்களில் நீலக்கடலும், மஞ்சள் வெயிலும், தோட்டத்தோடு கூடிய வீடும் இருந்தன. யுத்தத்தில் இடிந்த வீடுகளிலும் ரேஷன் வரிசைகளிலும் நின்று அலுத்துப்போனவர்கள், 1970களின் தொடக்கம் வரையில் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள், கப்பலேறினார்கள்.

போனவர்களில் நன்றாக வாழ்ந்தவர்கள் உண்டு. வேல்ஸ் நாட்டின் பாரி என்னும் ஊரில் மார்புச்சளி வியாதியால் வருந்திய ஒரு சிறு பெண்ணுக்கு வெதுவெதுப்பான நாடு நல்லது என்று வைத்தியர் சொன்னதால், அந்தக் குடும்பம் 1966இல் அடிலெய்ட் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தப் பெண்தான் 2010இல் ஆஸ்திரேலியாவின் பிரதம மந்திரியான ஜூலியா கில்லார்ட். அவருக்கு வெயில் உதவியது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் ஒரு தொழிலாளியின் மகளைப் பிரதம மந்திரியாக்கியது வெயிலா? பள்ளிக்கூடமும், சர்வகலாசாலையும், தொழிலாளர் கட்சியும் அல்லவா?

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். போனவர்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குக்காரர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். இரண்டு வருஷத்துக்குள் திரும்புவதானால் சர்க்கார் கொடுத்த கப்பல் கட்டணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருந்தும், தகரக் கொட்டகை முகாம்களில் குடித்தனம் நடத்தி மனம் உடைந்தவர்கள் திரும்பினார்கள். அதே வெயில், அதே வருஷம், அதே கப்பல். ஒருவனுக்கு வாழ்வு, ஒருவனுக்குத் தாழ்வு. காரணம் வெயிலானால் இருவருக்கும் ஒரே பலன் அல்லவா கிடைத்திருக்க வேண்டும்? வேலை கிடைத்ததா, வீடு கிடைத்ததா, மனைவிக்குப் பேச்சுத் துணை கிடைத்ததா, ஊரில் விட்டுவந்த தாயார் செத்தபோது போக முடிந்ததா என்பவைதான் அவர்களைப் பிரித்தன.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. ஆதரவற்ற விடுதிகளில் இருந்த ஆயிரக்கணக்கான சிறு பிள்ளைகளையும் வெயிலையும் ஆரஞ்சுப் பழத்தையும் ஆசைகாட்டிக் கப்பலேற்றினார்கள். அவர்களில் பலருக்குத் தாயார் உயிரோடு இருந்தாள். "உன் தாயார் செத்துவிட்டாள்" என்று பிள்ளையிடம் பொய் சொன்னார்கள். போன இடத்தில் பலருக்குக் கிடைத்தது பண்ணை வேலையும், அடியும், அதைவிட இழிவான உபத்திரவங்களுமே. இதற்காக ஆஸ்திரேலியப் பிரதம மந்திரி 2009 நவம்பரிலும், பிரிட்டிஷ் பிரதம மந்திரி 2010 பிப்ரவரியிலும் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள். அந்தப் பிள்ளைகளின் தலைமீதும் ஏராளமாக வெயில் அடித்துக்கொண்டுதான் இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பத்து பவுன் சீட்டு வெள்ளைத்தோல்காரர்களுக்கு மாத்திரமே. கறுத்தவன் பத்தாயிரம் பவுன் கொடுத்தாலும் வரக்கூடாது என்ற சட்டம் அந்நாட்டில் 1973 வரை அடியோடு ஒழியவில்லை. சூரியன் பேதம் பார்ப்பதில்லை. சீட்டுக் கொடுக்கும் குமாஸ்தாதான் பார்த்தான்.

கணக்குப் பார்த்தவர்கள் சொல்வது என்ன?

இனி, வெயில் உள்ள இடத்தில் மனத்திருப்தி அதிகமா என்று ஆராய்ந்து பார்த்தவர்கள் உண்டா என்று கேட்கலாம். உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா வெயிலுக்குப் பேர்போனது. மத்திய மேற்கு மாகாணங்கள் குளிருக்குப் பேர்போனவை. டேவிட் ஷ்கேட், டானியல் கானமன் என்ற இரண்டு பேராசிரியர்கள், இரண்டு பக்கத்துச் சர்வகலாசாலைகளிலும் மாணவர்களை விசாரித்து, 1998இல் முடிவை வெளியிட்டார்கள். யார் அதிகத் திருப்தியோடு இருப்பார்கள் என்று கேட்டபோது, இரண்டு பக்கத்தாரும் "கலிபோர்னியாக்காரர்தான்" என்றார்கள். அவரவர் திருப்தியை அவரவரிடமே கேட்டுக் கூட்டிப் பார்த்தபோது, இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தது.

இது எப்படி நேருகிறது? தூரத்திலிருந்து ஒரு நாட்டை நினைக்கிறவன் வெயிலை மாத்திரம் நினைக்கிறான். அங்கே வாழுகிறவன் வெயிலையா நினைத்துக்கொண்டிருக்கிறான்? வாடகையை நினைக்கிறான், பல்வலியை நினைக்கிறான், பேசாத மகனை நினைக்கிறான். வெயில் முதல் மாதத்தில் அதிசயம், இரண்டாம் வருஷத்தில் சுவர் மாதிரி. சுவரைப் பார்த்து யாராவது தினமும் ஆனந்தப்படுவார்களா? நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது நம் பழமொழி. வெயிலின் அருமையும் அப்படியே நிழலில் இருக்கும்போதுதான் தெரிகிறது.

ஐரோப்பாவிலும் இதே கணக்கைப் பார்த்திருக்கிறார்கள். வடக்கு நாடுகளிலிருந்து ஸ்பெயின், போர்ச்சுகல், கிரீஸ் முதலிய தெற்கு நாடுகளுக்குக் குடிபோனவர்களையும், போகாமல் ஊரிலேயே இருந்தவர்களையும் ஒப்பிட்டு டேவிட் பார்ட்ரம் என்பவர் 2015இல் எழுதினார். போனவர்களின் திருப்தி, இருந்தவர்களின் திருப்தியைவிடக் கொஞ்சம் குறைவாகவே காணப்பட்டது. போகிறவர்கள் புறப்படும்போதே திருப்தி குறைந்தவர்களாக இருந்திருக்கலாமே என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்விதான். ஆனால் அப்படி வைத்துக்கொண்டாலும், போன இடத்து வெயில் அந்தக் குறையை நிரப்பவில்லை என்றுதானே ஆகிறது?

நம்முடைய இரண்டாவது கேள்விக்கும் விடை பாருங்கள். உலகத் திருப்திக் கணக்கு என்று வருஷாவருஷம் ஒரு அறிக்கை வருகிறது. அதில் 2018 முதல் 2025 வரை எட்டு வருஷங்கள் தொடர்ந்து முதலிடத்தில் இருந்தது பின்லாந்து. அந்நாட்டின் வடகோடியில் குளிர்காலத்தில் சில வாரங்கள் சூரியனே உதிப்பதில்லை! 2025ஆம் வருஷத்து வரிசையில் வெயில் நாடான கோஸ்டாரிகா 6ஆம் இடத்திலும், மெக்சிக்கோ 10ஆம் இடத்திலும் இருந்தன என்பதையும் மறைக்காமல் சொல்லுகிறோம். ஆகவே வெயில் இருந்தும் சுகம் உண்டு. வெயில் இல்லாமலும் சுகம் உண்டு. இரண்டு இடத்திலும் உள்ள பொதுவான காரணத்தைத் தேடுவதுதான் புத்திசாலித்தனம். வேலை போனால் பட்டினி இல்லை, வியாதி வந்தால் வைத்தியம் உண்டு, அண்டை வீட்டானை நம்பலாம் என்ற தைரியம் பின்லாந்துக்காரனுக்கு இருக்கிறது. அந்தத் தைரியத்தை வானத்திலிருந்து யாரும் பொழியவில்லை. வரி கொடுத்து, சட்டம் செய்து, ஜனங்களே உண்டாக்கிக்கொண்டார்கள்.

வெயில் மாறவில்லை, வாழ்வு மாறிற்று

மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. அதற்கு ஸ்பெயினில் குடியேறிய பிரிட்டிஷாரின் கதையே போதுமான சாட்சியாகும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களும் மற்றவர்களுமாக இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அங்கே வாழ்கிறார்கள். அவர்களைப் பற்றி ஆராய்ந்தவர்களிடம், பெரும்பாலோர் வந்ததற்கு வருந்தவில்லை என்றே சொன்னார்கள். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் எதனால் வருந்தவில்லை?

இங்கிலாந்தில் ஒரு சிறு வீட்டை விற்ற பணத்தில் அங்கே பெரிய வீடு கிடைத்தது. பவுனில் வந்த பென்ஷன் அங்கே அதிகம் செலாவணியாயிற்று. 1986இல் ஸ்பெயின் ஐரோப்பிய சமூகத்தில் சேர்ந்தது முதல், குடியிருக்கும் உரிமையும் வைத்திய உரிமையும் கூடவே வந்தன. தங்கள் பாஷையைப் பேசுகிறவர்களே பக்கத்தில் கூட்டமாக இருந்தார்கள். அதாவது, விலை வித்தியாசம், பென்ஷன், சட்டம், துணை ஆகிய நாலு கால்களின்மேல் நின்ற கட்டிலை, வெயில்தான் தாங்குகிறது என்று நினைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு காலாக ஆடத் தொடங்கியபோதுதான் உண்மை வெளியாயிற்று.

2007இல் ஒரு பவுனுக்கு ஏறக்குறைய ஒன்றரை யூரோ கிடைத்தது. 2008 டிசம்பரில் அது கிட்டத்தட்ட ஒரே யூரோவாயிற்று. பென்ஷன்காரரின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு, அவர் ஒரு தப்பும் செய்யாமலே, பறந்துபோயிற்று. வெயில் குறைந்ததா? இல்லை.

அதே 2008 ஜனவரியில், அல்மேரியா மாகாணத்து வேரா என்னும் ஊரில், ஒரு வயதான பிரிட்டிஷ் தம்பதிகளின் வீட்டை யந்திரம் வைத்து இடித்தார்கள். நகரசபை கொடுத்த அனுமதியின் பேரில் கட்டிய வீடு அது. அந்த அனுமதியே செல்லாது என்று மாகாண சர்க்கார் முடிவு செய்துவிட்டது. தங்கள் ஆயுள் சம்பாத்தியம் முழுவதையும் போட்ட வீடு மண்ணானபின், இடிபடாமல் நின்ற மோட்டார் கொட்டகையில் அவர்கள் குடித்தனம் செய்தார்கள். அன்றைக்கும் நல்ல வெயில்தான் இருந்திருக்கும்.

2016 ஜூன் 23ஆம் தேதி, ஐரோப்பிய யூனியனை விட்டு விலகுவதா என்று பிரிட்டனில் ஓட்டெடுத்தார்கள். அந்த முடிவினால் அதிகம் பாதிக்கப்படப்போகிறவர்கள் வெளிநாட்டில் குடியிருந்தவர்கள். ஆனால் 15 வருஷத்துக்கு முன்பே நாட்டை விட்டுப் போனவர்களுக்கு ஓட்டு இல்லை என்று சட்டம் இருந்தது! இரண்டாவது உலக யுத்தத்தில் இத்தாலியில் சண்டையிட்டு, 1982இல் ஓய்வு பெற்று அங்கேயே குடியேறிய ஹாரி ஷிண்ட்லர் என்பவர், இந்த அநியாயத்தை எதிர்த்துப் பல வருஷம் போராடினார். ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட்டில் 2013இல் தோற்றார். கடைசியில் 2022இல் பார்லிமெண்டு சட்டத்தைத் திருத்தியது. திருத்தம் அமலுக்கு வந்ததோ 2024 ஜனவரியில். அவர் 2023 பிப்ரவரியில், 101ஆவது வயதில், இறந்துவிட்டார். இத்தாலிய வெயில் அவருக்கு 101 வயது கொடுத்தது என்று சொல்ல ஆசைப்படுகிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்; ஒரு ஓட்டுச்சீட்டை அது வாங்கிக் கொடுக்கவில்லை.

யூனியனை விட்டு விலகிய பின், 2021 முதல், புதிதாகப் போகும் பிரிட்டிஷ்காரர் 180 நாளில் 90 நாள்தான் ஸ்பெயினில் தங்கலாம். வேலை செய்யாமல் நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதி வேண்டுமானால், 2025ஆம் வருஷத்து விதிப்படி, வருஷத்துக்கு 28,800 யூரோ வருமானம் காட்ட வேண்டும்; மனைவிக்கும் சேர்த்தால் இன்னும் அதிகம். முன்பு சாதாரணத் தொழிலாளி போக முடிந்த இடம், இப்போது பணக்காரனுக்கு மாத்திரம் திறந்த கதவாகிவிட்டது. வெயில் ஒரு நிமிஷமாவது குறைந்ததா? குறைந்தது உரிமைதான். உரிமை குறைந்தவுடன் வாழ்வு குறைந்தது. ஆகவே வாழ்வுக்குக் காரணம் எது என்பதை நாம் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

பென்ஷன் விஷயத்தில் இன்னும் வேடிக்கை உண்டு. பிரிட்டிஷ் பென்ஷன்காரர் ஸ்பெயினுக்கோ அமெரிக்காவுக்கோ குடிபோனால், அவருடைய சர்க்கார் பென்ஷன் வருஷாவருஷம் ஊரில் உயர்வதுபோலவே உயரும். ஆஸ்திரேலியாவுக்கோ, கனடாவுக்கோ, தென்னாப்பிரிக்காவுக்கோ போனால், போன நாளில் இருந்த தொகையிலேயே சாகும் வரை நின்றுவிடும். நாலு லட்சத்துக்கு மேற்பட்ட கிழவர்களும் கிழவிகளும் இப்படி உறைந்த பென்ஷனில் காலம் தள்ளுகிறார்கள். இவர்களும் வேலை செய்த காலமெல்லாம் மற்றவர்களைப் போலவே பணம் கட்டியவர்கள்தான். வெயிலில் உருகாத பனி ஒன்று உண்டென்றால் அது இதுதான்!

வெயிலே எமனாகும்போது

உடம்புக்கு வெயில் நல்லது என்ற வாதத்தையும் முடித்துவிடுவோம். உலகத்திலேயே மெலனோமா என்னும் கொடிய தோல் புற்றுநோய் மிகுதியாக உள்ள நாடுகள் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்துமே. குளிர் நாட்டுத் தோலை வெயில் நாட்டில் கொண்டுபோய் வைத்ததன் பலன் அது. "சட்டை போடு, களிம்பு பூசு, தொப்பி வை" என்று 1981 முதல் அங்கே பிரசாரம் செய்ய வேண்டியதாயிற்று. வெயிலுக்காக அழைத்தவர்களே, வெயிலிலிருந்து தப்பும் வழியைச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

ஐரோப்பாவில் 2003ஆம் வருஷத்துக் கோடையில் சூட்டினால் சுமார் 70,000 பேர் அதிகமாக மாண்டார்கள். 2022ஆம் வருஷத்துக் கோடையில் 60,000க்கு மேற்பட்டவர்கள் மாண்டதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். இத்தாலியும் ஸ்பெயினும் அதில் முன்னணியில் நின்றன. மாண்டவர்களில் பெரும்பாலோர் வயோதிகர்கள். வயோதிக காலத்துக்கென்று எந்த வெயிலை வாங்கினார்களோ, அந்த வெயிலுக்கு ஆகாதவர்கள் வயோதிகர்களே. உலகம் சூடேறி வருகிற இந்தக் காலத்தில் இதை நினைக்காமல் வீடு வாங்குவது, ஆற்று நடுவில் நெல் கொட்டுவதற்குச் சமானம்.

அந்த வெயில் யாருக்குச் சொந்தம்?

இதுவரை போனவர்களைப் பற்றியே பேசினோம். போன இடத்தில் ஏற்கெனவே இருந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேச வேண்டாமா?

மேலே சொன்ன அதே அல்மேரியா மாகாணத்தில், சுமார் 30,000 ஹெக்டேர் நிலத்தைப் பிளாஸ்டிக் துணியால் மூடி, தக்காளியும் மிளகாயும் வெள்ளரியும் விளைவிக்கிறார்கள். ஐரோப்பாவின் குளிர்கால மேஜைக்கு அங்கிருந்து காய்கறி போகிறது. அந்தப் பிளாஸ்டிக் கூரையின் அடியில், வெளியே உள்ளதைவிட அதிகமான புழுக்கத்தில், வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் மொராக்கோவிலிருந்தும் அதற்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் வந்தவர்கள். அவர்களில் பலர் உயிரைப் பணயம் வைத்துப் படகில் கடல் கடந்தவர்கள். 2000 பிப்ரவரியில் எல் எஹிதோ என்னும் ஊரில் அவர்களுடைய குடிசைகளையும் கடைகளையும் கூட்டம் கூடித் தாக்கினார்கள். அவர்கள் விட்டுவந்த நாட்டில் வெயிலுக்குக் குறைவா? இல்லை. கூலிக்குத்தான் குறைவு.

இப்போது இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். ஒருவர் வடக்கேயிருந்து வெயிலுக்காக வந்தவர். ஒருவர் தெற்கேயிருந்து கூலிக்காக வந்தவர். இருவருக்கும் அந்நாடு அந்நியம். பலருக்கு அந்நாட்டுப் பாஷையும் அந்நியம். முதல்வருக்கு 'வெளிநாடு வாழ் கனவான்' என்று பெயர். இரண்டாமவருக்குக் 'கள்ளத்தனமாய்க் குடியேறியவன்' என்று பெயர். முதல்வர் ஊர்ப்பாஷை கற்காவிட்டால் அது அவருடைய பழக்கம். இரண்டாமவர் கற்காவிட்டால் அது நாட்டுக்கு ஆபத்து! பேதம் பாராட்டுவது நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தமான வியாதி என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வளைகுடா நாடுகளுக்குப் போன நம்மவர்களைக் கேளுங்கள். கோடை மத்தியானத்தில் வெளிவேலை வாங்கக்கூடாது என்று அங்கே சட்டம் போட வேண்டியிருக்கிறது. அந்த வெயிலைப் படம் பிடித்து விளம்பரம் செய்கிறவன் ஒருவன். அதில் செங்கல் தூக்குகிறவன் ஒருவன்.

அன்றியும், பணத்தோடு வந்தவர்கள் வீடுகளை வாங்க வாங்க, உள்ளூர்த் தொழிலாளிக்கு வாடகை எட்டாமல் போகிறது. 2024 ஏப்ரலில் கனாரித் தீவுகளிலும், ஜூனில் மலாகாவிலும் ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் ஊர்வலம் போனது இதற்காகத்தான். பணம் போட்டால் குடியிருப்பு அனுமதி என்ற 'தங்க விசா'வை ஸ்பெயின் 2025 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. ஓட்டல் அறையைப் பெருக்கும் பெண் அதே வெயிலில் பிறந்தவள்தான். அந்த ஊரில் ஒரு அறை எடுத்துக் குடியிருக்க அவளுக்குச் சம்பளம் போதவில்லை. அவளுடைய மலிவான உழைப்புத்தான் வந்தவருடைய 'மேலான வாழ்க்கை' என்றால், அதை வெயிலின் கொடை என்று சொல்லுவது யோக்கியமாகுமா?

அப்படியானால் யாரும் போகக்கூடாதா?

"அப்படியானால் பிறந்த ஊரிலேயே கிடந்து சாகச் சொல்லுகிறீர்களா?" என்று சிலர் கேட்பார்கள். ஒருநாளும் அப்படிச் சொல்ல மாட்டோம். கடல் தாண்டினால் ஜாதி கெடும் என்று சொன்னவர்களோடு சண்டை போட்டவர்கள் நாம். மனிதன் எங்கே வேண்டுமானாலும் போகவும், எங்கே வேண்டுமானாலும் வாழவும் உரிமை வேண்டும். அது வெள்ளைக்காரனுக்கு இருப்பதுபோல் கறுத்தவனுக்கும் இருக்க வேண்டும் என்பதே நமது கொள்கை. நாம் சொல்லுவதெல்லாம், போகிறவன் வெயிலைப் பார்த்துப் போகாதே, விதிகளைப் பார்த்துப் போ என்பதுதான்.

அங்கே எனக்கு என்ன உரிமையில் குடியிருப்பு? அந்த உரிமை எந்தச் சட்டத்தால் வந்தது, யார் நினைத்தால் போகும்? என் பென்ஷன் அங்கே உயருமா, உறையுமா? வியாதி வந்தால் செலவு யாருடையது? வீட்டு மனைக்கு அனுமதி கொடுத்தவனுக்குக் கொடுக்க அதிகாரம் உண்டா? நான் செத்தால், பாஷை தெரியாத ஊரில் என் மனைவி தனியாக என்ன செய்வாள்? இந்த ஆறு கேள்விக்கும் சரியான பதில் கிடைத்தால், மழைநாடானாலும் போகலாம். கிடைக்காவிட்டால், பொன்வெயில் அடித்தாலும் போகக்கூடாது. வீடு விற்கும் தரகன் இந்த ஆறில் ஒன்றையாவது தானாக வந்து சொல்லுவானா?

கடைசியாக ஒரு விஷயம். வெயிலைத் தேடிப் புறப்படுகிற கிழவர், தம் ஊரில் எதைக் கண்டு ஓடுகிறார்? அடுப்பெரிக்கக் காசில்லாத குளிர்ந்த வீட்டைக் கண்டு ஓடுகிறார். எட்டிப் பார்க்க நாதியில்லாத தனிமையைக் கண்டு ஓடுகிறார். குளிர்காய்வதற்காகப் பிரிட்டிஷ் சர்க்கார் வயோதிகர்களுக்குக் கொடுத்துவந்த உதவித்தொகையை 2024இல் பெரும்பாலோருக்கு நிறுத்தினார்கள். கூச்சல் கிளம்பவே 2025இல் பெரும்பாலோருக்குத் திரும்பக் கொடுத்தார்கள். அதே வயோதிகர் ஸ்பெயினுக்குப் போயிருந்தால், அந்த நாடு வெயில் நாடு என்று கணக்கிட்டு, 2015லேயே அதை நிறுத்தியிருப்பார்கள்! குளிர் இயற்கை கொடுத்தது. குளிரில் ஒரு கிழவன் விறைத்துச் சாவது இயற்கை அல்ல. அது மனிதன் செய்த ஏற்பாடு. மனிதன் செய்ததை மனிதன் மாற்ற முடியும். 2025இல் கூச்சல் போட்டவர்கள் மாற்றினார்கள் அல்லவா?

ஆகவே தோழர்களே! நல்ல வாழ்வு என்பது எந்தக் கரையிலும் மணலில் புதைந்து கிடக்கவில்லை. கூலியும், வீடும், வைத்தியமும், சமமான உரிமையும், பேச ஒரு துணையும் எங்கே மனிதர்களால் உண்டாக்கப்பட்டிருக்கின்றனவோ, அங்கேதான் அது இருக்கிறது. அவை இல்லாத நாட்டில் அவற்றை உண்டாக்கப் பாடுபட வேண்டும். அவை உள்ள நாட்டில் அவை எல்லோருக்கும் கிடைக்கப் பாடுபட வேண்டும். இந்த வேலையைச் சூரியன் தலையில் கட்டிவிட்டு, நாம் மூட்டை கட்டிக்கொண்டு புறப்படுவதில் பயன் ஒன்றுமில்லை.